பாக்கெட்டில் போட்டிருக்கும் வாரக் கணக்கு

டோர்ட்முண்டில் இருக்கும் நண்பன் போன வாரம் கேட்டான்: "மச்சான், எந்தக் கஞ்சா விதை சீக்கிரம் வரும்?" ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். இரண்டு கோடையாகச் சேர்ந்த கடுப்பு விடவில்லை.

இது ஜெர்மனிக் கதை. 2024 ஏப்ரல் 1 முதல் இங்கே வயதுவந்தவர் ஒருவர் சொந்தத் தேவைக்கு 3 கஞ்சாச் செடி வளர்க்கலாம். ஊரில் இருப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதல் வருடம் கொலோன் பால்கனியில் மூன்று தொட்டி, மூன்று ரகம்: தானாகப் பூக்கும் ஆட்டோஃப்ளவர் (சுருக்கமாக ஆட்டோ), சாட்டிவா, இண்டிகா. மே முதல் வாரம் ஒரே நாளில் விதைத்தேன். அறுவடைக்கு ஆட்டோஃப்ளவர் விதைப் பாக்கெட்டில் 10 வாரம், சாட்டிவா பாக்கெட்டில் 11 வாரம் என்று போட்டிருந்தது. ஒரு வாரம்தானே என்று நினைத்தேன்.

ஆட்டோ முழங்கால் உயரத்தில் ஜூலைக் கடைசியில் அறுவடையாகிவிட்டது. சாட்டிவா அப்போது என் தலையைத் தாண்டி நிற்கிறது, பூவைக் காணோம். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. ஆட்டோவுக்கு முளைத்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். மற்றவற்றுக்குப் பூக்கத் தொடங்கிய நாளிலிருந்து! பாக்கெட்டில் இதை எறும்பு எழுத்தில்கூடப் போடவில்லை.

தஞ்சாவூர்க்காரனான எனக்கு இது உறைத்திருக்க வேண்டும். குறுவை வயசைப் பார்த்துக் கதிர் வாங்கும். பழைய சம்பா ரகங்கள் பகல் குறுகட்டும் என்று காத்திருக்கும். இங்கேயும் அதே கதைதான். ஆட்டோவின் பூர்வீகம் ருடராலிஸ் என்ற காட்டுக் கஞ்சா, 1924இல் தாவரவியலாளர் யானிஷெவ்ஸ்கி ரஷ்யாவில் விவரித்த செடி. கோடை குட்டையான அந்த நிலத்தில் இருட்டுக்குக் காத்திருந்தால் பனி முந்திக்கொள்ளும். அதனால் வயசானதும் பூத்துவிடுகிறது. சாட்டிவா வெப்பநாட்டுப் பன்னிரண்டு மணி நேரப் பகலில் பழகியது. கொலோனில் ஜூன் மாதப் பகல் 16 மணி நேரத்தைத் தாண்டும். அது பாவம், என்ன செய்யும்?

இண்டிகா செப்டம்பர் கடைசியில் சத்தமில்லாமல் முடிந்தது. நல்ல பிள்ளை, குறை சொல்ல ஒன்றுமில்லை.

சாட்டிவா பூ வைத்தது ஆகஸ்ட் கடைசியில். அதிலிருந்து 11 வாரம் என்றால் நவம்பர் பாதி. அக்டோபர் மழையில் பூவுக்குள் சாம்பல் பூஞ்சணம் ஏறி, பாதிக்குமேல் வெட்டிக் குப்பையில் போட்டேன். ஆறு மாதம் தண்ணீர் ஊற்றிய கை!

ஆட்டோவிலும் வில்லங்கம் உண்டு. இரண்டாவது வருடம் ஒன்றைத் தொட்டி மாற்றினேன். பத்து நாள் முடங்கிக் கிடந்து, சாண் உயரத்திலேயே பூத்துவிட்டது. நாம் கெடுத்த நாளை அது திருப்பித் தராது. ஆனாலும் அந்த இடத்தில் உடனே அடுத்த விதை போட முடிந்தது. மூன்று செடிதான் என்ற சட்டத்தில் இது பெரிய விஷயம். வீட்டில் 50 கிராமுக்குமேல் வைக்கவும் கூடாது, ஆளுயரச் செடி எதற்கு?

நண்பனிடம் கண்ணை மூடிக்கொண்டு ஆட்டோ வாங்கச் சொல்லிவிட்டேன்.

எனக்கு அடுத்த மே மாதத்துக்கு ஒரு சாட்டிவா வாங்கி வைத்திருக்கிறேன். ஆகஸ்ட் சாயங்காலம் அதன் நிழலில் நாற்காலி போட்டுக் காப்பி குடித்த பழக்கம் விடவில்லை. பாக்கெட்டில் 12 வாரம் என்று போட்டிருக்கிறது.