பவானி ஜமக்காளம்: கோடு போட்டதா, பூக்கரை வைத்ததா?

கொங்கு நாட்டில் காதுகுத்தானாலும் சீரானாலும் துக்கவீடானாலும், வந்தவர்களை உட்காரவைக்க முதலில் விரிக்கப்படுவது ஜமக்காளம்தான். மண்டபத்துக்கும் வாசல் பந்தலுக்கும் உரியதாக இருந்த இந்த விரிப்பை இப்போது பலர் வீட்டுக் கூடத்தில் சோபாவுக்கு முன்னே நிரந்தரமாகப் போட விரும்புகிறார்கள். கோடும் கட்டமும் கோணமுமாக வரும் கைத்தறித் தரைவிரிப்புகளை இணையத்தில் தேடி, வடநாட்டிலிருந்து வரவழைப்பவர்களும் உண்டு. ஈரோட்டிலிருந்து சிறிது நேரப் பயணத்தில் பவானியை எட்டிவிடக்கூடிய நமக்கு அந்த அலைச்சல் தேவையில்லை என்பது என் எண்ணம். கோபிசெட்டிபாளையத்தில் உள்ள எங்கள் வீட்டில், பட்டைக் கோடு போட்ட பருத்தி ஜமக்காளம் ஒன்று கூடத்திலும், செயற்கைப் பட்டு நூலில் பூக்கரை வைத்த மற்றொன்று விருந்தினர் அறையிலும் புழக்கத்தில் இருக்கின்றன. இரண்டையும் அன்றாடம் பார்த்து வருவதால், எதை எதற்கு வாங்கலாம் என்பதை உறுதியாகச் சொல்ல முடிகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயரின் ஆலைத் துணியோடு போட்டியிட முடியாமல் தவித்த நேரத்தில், பவானியின் ஜங்கமர் சமூக நெசவாளர்கள் சாயமேற்றிய முரட்டு நூலைக் கொண்டு நெய்யத் தொடங்கியதுதான் இந்த ஜமக்காளம். நாளடைவில் இது அங்கே நெய்யப்பட்டு வந்த சேலைகளின் இடத்தையே பிடித்துக்கொண்டது. 2005-06-இல் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கைத்தறிக்கென்று ரகங்களை ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஜமக்காளமும் கைத்தறிக்கே உரிய ரகம்.

இதன் அழகு முழுவதும் தறியின் இயல்பிலிருந்து வருகிறது. குழித்தறியில் பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அகலமான விரிப்பென்றால் நெசவாளர் இருவர் அருகருகே அமர்ந்து, கால்களைக் குழிக்குள் மிதிபலகையில் வைத்துக்கொண்டு நெய்வார்கள். குறுக்கே ஓடும் தடித்த ஊடை நூலை நெருக்கி அடித்து இறுக்குவதால் பாவு நூல் உள்ளே மறைந்துவிடுகிறது. ஆகவே கண்ணுக்குத் தெரிகிற நிறமெல்லாம் ஊடையின் நிறம்தான். ஊடையைக் கொண்டுசெல்லும் நாடாவில் உள்ள நூலின் நிறத்தை மாற்றினால் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை புதிய பட்டை ஒன்று பிறக்கும். சிவப்புக்கு அடுத்துப் பச்சை, அதற்கடுத்து நீலம், நடுவே மெல்லிய மஞ்சள் கோடு என்று பட்டைகளின் அகலத்தைக் கூட்டியும் குறைத்துமே நெசவாளர் தம் ரசனையைக் காட்டுகிறார். விரிப்பின் நடுவில் சாய்சதுரமோ முக்கோணமோ வரவேண்டுமென்றால் ஊடை நூல் பாதி வழியிலேயே திரும்பியாக வேண்டும். நிறம் மாறும் ஒவ்வோர் இடத்திலும் இரு நூல்களைக் கோத்துவிட வேண்டும், இல்லையேல் சிறு பிளவு விழும். அத்தகைய கோண வடிவங்களுக்குக் கர்நாடகத்தின் நவல்குந்த் பெயர்பெற்ற ஊர். அங்கே அவற்றைப் பெண்கள் நெய்கிறார்கள். அந்த வடிவம்தான் வேண்டுமென்பவர்கள் அந்த ஊர் விரிப்பையே வாங்கலாம். பவானியிடம் கேட்கவேண்டியது கோடு. அதில் பவானிக்கு இணை இல்லை.

எங்கள் கூடத்தில் கிடக்கும் கோடு போட்ட ஜமக்காளத்துக்கு நான் தயக்கமின்றி முழு மதிப்பெண் தருவேன். பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில், சோறும் குழம்பும் சிந்தும் இடத்தில், அது தன் வேலையைக் குறைவின்றிச் செய்கிறது. இரு பக்கமும் ஒன்றுபோலவே இருப்பதால் ஒரு பக்கம் மங்கினால் திருப்பிப் போடலாம். புதிதில் அட்டைபோல விறைப்பாக இருந்தது, துவைக்கத் துவைக்க இளகி, இப்போது வெறும் உடம்போடு படுத்தாலும் உறுத்துவதில்லை. கோடையில் பருத்தி வியர்வையை வாங்கிக்கொள்கிறது. பாலிப்ரொப்பிலீன் விரிப்பில் இந்தச் சுகம் கிடைக்காது. குறை என்று சொன்னால் ஒன்றுதான்: வழுவழுப்பான டைல்ஸ் தரையில் இது நழுவும். வயதானவர்கள் உள்ள வீட்டில் அடியில் வழுக்காத ரப்பர் வலை போடாமல் இதை விரிக்கவே கூடாது.

பூக்கரை வைத்த ஜமக்காளத்தைப் பற்றி அத்தனை எளிதாகச் சொல்லிவிட முடியாது. முரட்டுப் பருத்தி நூலில் கோடுகளுக்கு மேல் நுட்பம் வராது என்பதால், மெல்லிய செயற்கைப் பட்டு நூலைக் கொண்டு கரையில் விதவிதமான உருவங்களை அமைக்கும் இரண்டாவது வகை பின்னாளில் வந்தது. பார்வைக்கு இதுவே உயர்ந்தது. விளக்கு வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது கரை மின்னுவதும், நடுப்பகுதி மங்கலாக அடங்கிக் கிடப்பதும் கண்ணுக்கு நிறைவாக இருக்கின்றன. ஆனால் செயற்கைப் பட்டு என்பது ரேயான். நனைந்தால் அதன் வலு பெருமளவு குறைந்துவிடும். பருத்தியோ நனைந்தால் வலுக்கூடும் நூல். இரண்டும் ஒரே விரிப்பில் இருக்கும்போது, பருத்திக்குப் பொருந்தும் துவையலைக் கரை தாங்குவதில்லை. எங்கள் விரிப்பில் கரையும் உடலும் சேரும் ஓரத்தில் மெல்லிய சுருக்கம் விழுந்திருக்கிறது. இரு நூல்களும் ஒரே அளவில் சுருங்காததுதான் காரணம். எனவே இதை விருந்தினர் அறைக்கும் நல்ல நாளுக்கும் வாங்குங்கள், தினமும் மிதிபடும் கூடத்துக்கு வேண்டாம்.

வாங்கும்போது நிறத்தையும் விலையையும் பார்ப்பதற்கு முன் நெசவைப் பாருங்கள். பவானியில் வயதான நெசவாளர் ஒருவர் எனக்குச் சொன்னது இது: "நகத்துல ஊடையைத் தள்ளிப் பாருங்க கண்ணு. தள்ளாமலே பாவு தெரிஞ்சா அதை எடுக்காதீங்க." அவர் சொன்னபடி கட்டைவிரல் நகத்தால் இரண்டு ஊடை நூல்களுக்கு இடையே அழுத்தினால், நல்ல விரிப்பில் நூல் எளிதில் விலகாது, பலமாகத் தள்ளினால்தான் உள்ளே ஒளிந்திருக்கும் பாவு சற்றே தலைகாட்டும். நெருக்கம் குறைந்த விரிப்பில் நூல்கள் இடம்பெயர்ந்து அங்கேயே நின்றுவிடும். அடுத்துப் பக்கக் கரையைக் கவனிக்கவேண்டும். ஊடை நூல் கரையைச் சுற்றித் திரும்பி மீண்டும் உள்ளே போயிருக்க வேண்டும். வெட்டி மடித்துத் தையல் போட்டிருந்தால் அது பெரிய துணியிலிருந்து அறுத்தெடுத்த துண்டு. கோடுகளின் அகலம் இங்கும் அங்கும் நூலளவு மாறியிருந்தால் அதைக் குறையாகக் கருத வேண்டாம். ஒரு கடையில் கைத்தறி என்று சொல்லி எங்கள் உறவினர் ஒருவருக்கு விற்கப்பட்ட விரிப்பு, தூக்கிப் பார்த்தாலே படுக்கை விரிப்பின் எடைதான் இருந்தது. பாவு நூல் பளிச்சென்று தெரிந்தது. விசைத்தறிப் போலிகளால் பாதிக்கப்படுவது வாங்குபவரின் பணம் மட்டுமா? குழித்தறியில் உட்கார்ந்திருப்பவரின் கூலியும் சேர்ந்தே போகிறது. கைத்தறி முத்திரையைக் கேட்டு வாங்குங்கள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களிலோ கோ-ஆப்டெக்ஸிலோ எடுத்தால் இந்தச் சந்தேகத்துக்கே இடமிருக்காது.

சாயத்தைச் சோதிப்பதும் எளிது. வெள்ளைக் கைக்குட்டையின் ஒரு முனையை நனைத்து, சிவப்பு, கறுப்பு போன்ற அடர்ந்த பட்டைகளில் நன்றாக அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். இலேசான சாயல் ஒட்டினால் அது மேலே தங்கிய மிச்சச் சாயம். முதல் துவையலில் போய்விடும். துணி நன்றாகச் சிவந்தால் பக்கத்துப் பட்டையிலும் அந்த நிறம் இறங்கும் என்று பொருள், அதை வைத்துவிட்டு வாருங்கள். வெவ்வேறு அளவுகளின் விலையை ஒப்பிடும்போது சதுர அடிக் கணக்கோடு எடையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும், ஏனென்றால் நூல் குறைந்தால் விலை தானாகக் குறையும்.

பராமரிப்பில் முக்கியமானது தூசி. நுண்ணிய மணல் நூலிடுக்கில் இறங்கி, ஒவ்வொரு மிதியிலும் இழையை அறுக்கும். வாரம் ஒருமுறை மாடிக்குக் கொண்டுபோய், கைப்பிடிச் சுவரில் போட்டு, பின்பக்கத்திலிருந்து தட்டுங்கள். அடிக்கடி துவைக்கத் தேவையில்லை. துவைக்கும்போது குளிர்ந்த நீரில் சிறிது நேரம் ஊறினால் போதும். இரவு முழுவதும் ஊறவைத்தால் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் உப்பும் கடினமுமாக இருப்பதால், கட்டிச் சோப்பு நுரைக்காமல் வெள்ளைப் படலமாக நூலில் தங்கும்; சலவைத் திரவத்தைக் குறைவாக ஊற்றுவதே நல்லது. கல்லுப்பைப் போட்டால் சாயம் நிற்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு, ஆனால் தறிக்கு வருமுன் நூலில் ஒழுங்காக ஏறாத சாயத்தை உப்பு பிடித்து வைக்காது. பூக்கரையின் மேல் பிரஷ் படவே கூடாது. கையால் அமுக்கி நீரை வெளியேற்றுங்கள், முறுக்கிப் பிழிய வேண்டாம்.

நனைந்த ஜமக்காளம் இருவர் தூக்கும் கனத்துக்கு வந்துவிடும். ஒற்றைக் கொடியில் போட்டால் நடுவில் இழுபட்டு வடிவம் கோணும். இரண்டு கொடிகளின் மேல் அகலமாகப் பரப்பி நிழலில் உலர்த்தவேண்டும். எடுத்து வைக்கும்போது ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் விடாமல் சுருட்டி வையுங்கள். கம்பளியை அரிக்கும் அந்துப்பூச்சி பருத்தியை நாடாது. கஞ்சிப்பசையைத் தேடி வரும் வெள்ளிப்பூச்சிக்கு நன்றாகக் காய்ந்த வேப்பிலையே போதும்; ஈரம் சிறிதும் இல்லாதபடி பார்த்துக்கொண்டால் பூஞ்சணமும் பிடிக்காது. முனையில் பாவு நூல் முடிச்சு அவிழ்ந்திருந்தால் அன்றைக்கே முடிந்துவிடுங்கள். விட்டால் ஊடை ஒவ்வொன்றாக நழுவத் தொடங்கும், அப்புறம் அந்த முனையை மடித்துத் தைப்பதைத் தவிர வழியிராது.