அல்சூர் வாடகை வீடு: நாலு வருஷப் பயன்பாட்டுக்குப் பின்

சொந்த வீடு வாங்குகிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. பெங்களூரில் வாடகைக்கு இருக்கிறவர்களுக்கும், பெட்டி கட்டிக்கொண்டு வரப்போகிறவர்களுக்கும் எழுதுகிறேன். இந்த ஊரில் நாங்கள் இருந்த வீடுகள் இரண்டு. முதலாவது, சாவியைத் திருப்பிக் கொடுத்த நாள்வரை ஓட்டல் ரூம் மாதிரியே இருந்தது. இரண்டாவது எந்தத் தேதியில் நம் வீடானது என்று தெரியவில்லை, ஆனால் ஆகிவிட்டது.

முதல் வீட்டைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 2019-ல் திருச்சியிலிருந்து வந்தோம். ஒயிட்ஃபீல்டு பக்கம், பதினோராவது மாடி. நீச்சல் குளம், ஜிம், கரண்ட் போனால் மூச்சு விடுவதற்குள் ஜெனரேட்டர். குழாய் ஒழுகினால் செல்போனில் ஒரு பட்டனைத் தட்டினால் போதும், யூனிஃபார்ம் போட்ட தம்பி ஒருவர் வந்து சரிசெய்துவிட்டுப் போவார். அவர் பேர்கூட எனக்குத் தெரியாது. திரைச்சீலை, நிற்கும் விளக்கு, பித்தளை உருளி, அதில் மிதக்கவிட பிளாஸ்டிக் தாமரை என்று முதல் ஆறு மாதத்தில் நாற்பதாயிரத்துக்கு மேல் செலவழித்தேன். வந்தவர்கள் எல்லாரும் அழகாக இருக்கிறது என்றார்கள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருந்ததால், அம்மா வருஷா வருஷம் கொடுத்தனுப்பும் தினசரி காலண்டருக்கு மட்டும் இடமில்லை. ஃப்ரிட்ஜுக்கு மேல் சாய்த்து வைத்தேன். ஃப்ரிட்ஜ் அதிரும்போதெல்லாம் கீழே விழும்.

கொரோனா ஊரடங்கில் மாதக்கணக்கில் அதற்குள்ளேயே அடைந்து கிடந்தோம். அப்போதும் அது வீடாகவில்லை. எத்தனை மணி நேரம் உள்ளே இருக்கிறோம் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

காலி செய்தபோது அட்வான்ஸில் பெயிண்டுக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்தார்கள். இந்த ஊர் வழக்கம் அது, ஒப்பந்தத்திலும் இருந்தது, சரி. அதற்கு மேல் 'தரையில் கீறல்' என்று ஆறாயிரம். பில் கேட்டேன், பதில் இல்லை. வரப்போகிறவர்களுக்கு ஒரு யோசனை: குடிபோகும் அன்றே, சாமான் இறக்குவதற்கு முன்னால், ஒவ்வோர் அறையையும் வீடியோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அப்புறம் பேச்சே வராது.

இப்போதைய வீட்டுக்கு 2021 ஜூலையில் வந்தோம். அல்சூரில் ஒரு சந்து, பழைய கட்டடம், முதல் மாடி போர்ஷன். கீழே ஓனரம்மா தனியாக இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர், கன்னடக்காரர், அல்சூர்த் தமிழ் சரளமாகப் பேசுவார். தரை சிவப்பு ரெட் ஆக்சைடு. டைல்ஸ் பார்த்துப் பழகிய என் வீட்டுக்காரர் முதல் நாள் முகம் சுளித்தார். ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கு. ஒரு வருஷத்துக்கு மேல் போட்டால் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்பதால்தான் எல்லாரும் இந்தப் பதினோரு மாதக் கணக்கில் ஓட்டுகிறார்கள். நந்தினி பால் பாக்கெட்டை வெட்டி, பால் காய்ச்சி, அன்று ராத்திரியே படுத்துவிட்டோம்.

மூன்றாம் நாள் விடியற்காலை கீழேயிருந்து ஒரு குரல்: "நீரு பந்த்து! நீரு பந்த்து!" தண்ணீர் வந்துவிட்டது என்று கன்னடத்தில் சொல்கிறார். அப்போது மகனுக்கு நாலு வயசு. பந்து என்ற சொல் மட்டும் காதில் விழுந்து, தூக்கக் கலக்கத்தோடு படியிறங்கி ஓடிப்போய் வாசலெல்லாம் தேடியிருக்கிறான். இன்றுவரை எங்கள் வீட்டில் காவிரித் தண்ணீருக்குப் பேர் பந்துதான். "பந்து வந்தாச்சா?"

இந்தத் தண்ணீர்க் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவுக்குக் காவிரி ஒருநாள் விட்டு ஒருநாள், காலை ஐந்து மணிவாக்கில் வரும். இந்த வீட்டு சம்ப்பில், அதாவது தரைக்கடித் தொட்டியில், மிதவை வால்வு உடைந்து பல வருஷமாகிறதாம். அதனால் தண்ணீர் வரும்போது வாசல் ஓரத்துக் குழிக்குள் கையை விட்டு வால்வைத் திறக்க வேண்டும். நிறைந்ததும் மூட வேண்டும். மறந்தால் தெருவெல்லாம் ஆறு. அப்புறம் மோட்டாரைப் போட்டு மேலே சின்டெக்ஸுக்கு ஏற்ற வேண்டும், இருபத்தைந்து நிமிஷம். காற்று பிடித்துக்கொண்டால் மோட்டார் வெறுமனே இரையும், தண்ணீர் ஏறாது. நிறுத்திவிட்டு, மேல் மூடியைத் திருகி, ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி நிரப்பிவிட்டு மறுபடி போட வேண்டும். இதையெல்லாம் அதுவரை ஓனரம்மாவே செய்துகொண்டிருந்தார், மூட்டு வலியோடு. ஒரு மாதம் பார்த்துவிட்டு, "விடுங்கம்மா, நான் பார்த்துக்கறேன்" என்றேன். ஏதோ வாய் தவறிச் சொன்னதுதான். மறுநாளிலிருந்து அது என் வேலையாகிவிட்டது.

இப்போது சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். சம்ப் காலியாக இருக்கும்போது தண்ணீர் பொத்தென்று ஆழத்தில் விழும். ஏற ஏறச் சத்தம் மெலிந்து, கடைசியில் கொளகொளவென்று ஒரு முனகல், அப்போது மூட வேண்டும். மிதவை வால்வை மாற்ற ஐந்நூறு ரூபாயோ என்னவோ ஆகும். மாற்றலாமா என்று ஓனரம்மா ஒரு தடவை கேட்டார். அப்புறம் பார்க்கலாம் என்றேன். இதை என் வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.

நான் திருச்சிக்காரி. அம்மா மண்டபம் படித்துறையில் இறங்கிப் போய்க் காவிரியைத் தொட்டவள். இங்கே அதே காவிரியை மண்டியா மாவட்டத்து தொரெகாடனஹள்ளியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரம், சுமார் அரை கிலோமீட்டர் உயரத்துக்கு பம்ப் வைத்து ஏற்றுகிறார்கள். அங்கே நாம் அதைத் தேடிப் படியிறங்கினோம், இங்கே அது நம்மைத் தேடி மலையேறுகிறது. இதை அம்மாவிடம் சொன்னபோது, "அதான் ஆடிப்பெருக்குக்கு இங்க மணலா கெடக்கு" என்றாள். இதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

2024 மார்ச்சில் ஊரெங்கும் போர்வெல்கள் வற்றி, லாரித் தண்ணீர் விலை ஏறி, குடிதண்ணீரில் கார் கழுவினால் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்களே, அப்போது நாங்கள் பிழைத்ததே இந்தக் குழிக்குள் கையை விடும் வேலையால்தான். எந்த நாளில் எவ்வளவு வந்தது என்று காலண்டர் தாளில் குறித்து வைத்திருந்தேன். பழைய ஃப்ளாட்டில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றே எனக்குத் தெரியாது.

அடுத்தது மாவு. பெங்களூர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. மார்கழி ராத்திரியில் குளிர் 15 டிகிரிவரை இறங்கும். திருச்சியில் சாயங்காலம் அரைத்த மாவு காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். இங்கே அரைத்தபடியே கல் மாதிரிக் கிடக்கும். ஒயிட்ஃபீல்டில் இரண்டு தடவை தோற்றுவிட்டுக் கடை மாவுக்குப் போய்விட்டேன். அதுவும் ஒரு பட்டன்தான்.

இங்கே வந்த முதல் டிசம்பரில் ரோஷம் வந்து மறுபடி இறங்கினேன். நாலுக்கு ஒன்று என்று போட்ட உளுந்தை மூன்றுக்கு ஒன்றாக்கினேன். ஒரு கரண்டி வெந்தயம், ஒரு பிடி அவல். உப்பைக் கரண்டியால் கலக்காமல் கையை முழங்கைவரை விட்டுக் கலக்கினேன். கைச்சூடு பட வேண்டும் என்பது அம்மாவின் கட்சி. மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிரிகள் உளுந்திலேயே இருக்கின்றன, அவை வேலை செய்ய வெதுவெதுப்புதான் வேண்டும் என்பது நான் படித்தது. இரண்டு கட்சிக்கும் பொதுவான பதில் சூடு. வீட்டில் எந்த இடம் சூடு என்று ஒரு ராத்திரி வெறுங்காலோடு சுற்றினேன். ரெட் ஆக்சைடு தரை குளிர்ந்து பாதத்தைக் கடிக்கும். ஹாலில் இன்வெர்ட்டர் இருக்கும் மூலையில் மட்டும் இதமாக இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு, பாத்திரத்தைப் பழைய கம்பளியால் சுற்றி வைத்தேன். பதினாலு மணி நேரம். காலையில் மூடியைத் தொட்டால் ஒரு பக்கம் தூக்கியிருந்தது. கரண்டியை விட்டால் உள்ளே சின்னச் சின்ன ஓட்டைகள். அன்று ஓனரம்மாவுக்கு ஆறு இட்லி கீழே போனது. "ஊட்டா ஆயித்தா", சாப்பாடு ஆச்சா, என்று தினமும் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தவர், அன்றிலிருந்து மரியாதைக்குக் கேட்பதில்லை. சாம்பாரில் புளி தூக்கல் என்றெல்லாம் சொல்கிறார்.

அக்கம்பக்கம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அல்சூரில் பூக்காரம்மாவிலிருந்து அயர்ன்காரர்வரை தமிழ் கேட்கும். அதனாலேயே நாலு வருஷமாகியும் என் கன்னடம் மளிகைக் கடையைத் தாண்டவில்லை. அதை ஒரு குறையாகத்தான் எழுதுகிறேன். ஞாயிறு சாயங்காலம் ஏரிப்பக்கம் நடந்துவிட்டு வள்ளுவர் சிலையைப் பார்த்துவிட்டு வருவோம். 1991-ல் வைத்த சிலை, 2009 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். பதினெட்டு வருஷம் மூடியே நின்றிருக்கிறார். இந்த ஊரில் செட்டிலாக நேரமாகிறது என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு என் வீட்டுக்காரர் இதைத்தான் உதாரணம் காட்டுவார்.

வாங்கிய பொருள்களில் எது உதவியது என்று கேட்டால், நிற்கும் விளக்கு பரணில் கிடக்கிறது. உருளியில் இப்போது வெங்காயம். திரைச்சீலை இந்த ஜன்னல்களுக்கு அளவு சேரவில்லை. உண்மையிலேயே உதவியது முன்பு குடியிருந்தவர்கள் சமையலறைச் சுவரில் விட்டுப்போன ஒரு பழைய ஆணி. பெட்டி பிரிக்கும்போது கையிலிருந்த காலண்டரை யோசிக்காமல் அதில் மாட்டினேன். ஐந்தாவது காலண்டர் தொங்குகிறது. அதற்குக் கீழே சுவரில் சதுரமாக ஒரு வெளுத்த தடம், எங்களுக்கும் முந்தையது.

குறைகள் உண்டு. போர்வெல் தண்ணீர் கலக்கும் நாட்களில் குழாய் வாயெல்லாம் வெள்ளையாகப் படிகிறது, கீசர் காயிலை ஒருமுறை மாற்றியாயிற்று. வடக்குச் சுவரில் மழைக்காலம் முழுக்க ஓதம், பீரோவை ஒரு சாண் தள்ளித்தான் வைக்க முடிகிறது. கார் நிறுத்த இடமே இல்லை. கார் வைத்திருப்பவர்களும், விடியற்காலை எழ முடியாதவர்களும் இந்த மாதிரி வீட்டுப் பக்கம் வராதீர்கள், ஒத்துவராது. வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதெல்லாம் ஐந்து சதவீதம் ஏறுகிறது, அதில் இட்லிக்குத் தள்ளுபடி கிடையாது.

பாத்ரூம் கதவுதான் பெரிய தொல்லை. ஜூன் மழை தொடங்கினால் மரம் ஊறி, தோளால் இடித்தால்தான் மூடும். போன வருஷம் ஆசாரி வந்து இழைத்துவிட்டுப் போனார். இப்போது வெயில் காலத்தில் கீழே இரண்டு விரல் இடைவெளி. இந்த மழைக்கு அது அடைகிறதா என்று பார்க்க வேண்டும்.