சரிவு நிலத்தில் வீடு கட்ட ஆன்லைனில் பிளான் வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

60,000 ரூபாய் போய்விட்டது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, முன்னே பின்னே எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வார இறுதியில் போய்த் தங்க ஒரு சின்ன வீடு, அவ்வளவுதான் ஆசை. நிலம் நல்ல சரிவு, நாலு மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் இறங்கும். வீட்டு பிளான் போட்டுத் தரும் ஒரு இணையதளத்தில் கேட்டேன், பெயர் வேண்டாம். வீடியோ காலில் வந்தவர் நான் அனுப்பிய போட்டோ மேலேயே சிவப்புக் கோடு போட்டு, "சார், இந்தச் சரிவுதான் உங்கள் வீட்டுக்கே அழகு, நிலத்தை வெட்டவே வேண்டாம், வீட்டை ரெண்டு மட்டமாக இறக்கிவிடலாம், கீழ் அறையிலிருந்து நேராக மண்ணில் கால் வைக்கலாம்" என்றார். நிலத்தைப் புரிந்துகொண்ட ஒருவர் கிடைத்துவிட்டார் என்று அன்றைக்கே முழுத் தொகையையும் கட்டினேன்.

வந்த பிளானில் வீடு முழுக்க ஒரே தரைமட்டம். செக்‌ஷன் படத்தில் (வீட்டையும் நிலத்தையும் நெடுக வெட்டிப் பக்கவாட்டில் பார்த்த மாதிரி வரைவது) தரைக்கோடு ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராகப் போகிறது! வீட்டின் நீளம் 10 மீட்டர், அப்படியென்றால் கீழ்ப்பக்கம் 2.5 மீட்டர் அந்தரத்தில் நிற்க வேண்டும். தெரிந்த இன்ஜினியர் பார்த்துவிட்டு, இதை அப்படியே கட்டினால் பாதி அஸ்திவாரம் வெட்டிய கெட்டி மண்ணில், மீதி கொட்டி நிரப்பிய மண்ணில், ஒரு பக்கம் இறங்கிச் சுவர் விரியும் என்றார். நிரப்பிய மண்ணைத் தாங்கத் தடுப்புச்சுவர் வேண்டும், அது படத்திலேயே இல்லை. சுவர் உயரம் இரண்டு மடங்கானால் மண்ணின் தள்ளு நாலு மடங்காகுமாம், மழைத் தண்ணீர் பின்னால் தேங்கினால் இன்னும் மோசம். தண்ணீர் வெளியேற ஓட்டை, மேலிருந்து வருவதைத் திருப்பிவிட ஒரு வாய்க்கால், ஒன்றும் கிடையாது.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. சாட்டில் ஒவ்வொரு தடவையும் வேறு ஆள், ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். "இது கான்செப்ட் பிளான்தான் சார்" என்றார் ஒருவர். "தரைமட்டம் கட்டுகிறவர் பொறுப்பு" என்றார் இன்னொருவர். சரிவுக்குத் தனி பேக்கேஜாம், மேலும் பணம் கட்டணுமாம். சரிவு நிலம் என்று சொல்லித்தானே 60,000 வாங்கினீர்கள்? பணத்தைத் திருப்பிக் கேட்டால், ஃபைலை டவுன்லோடு செய்தாகிவிட்டது, தர முடியாது என்கிறார்கள். டவுன்லோடு செய்யாமல் பிளானை எப்படிப் பார்ப்பது? வீடியோ காலில் பேசிய ரெண்டு மட்டம் பற்றிக் கேட்டால், அப்படி யாரும் சொல்லவில்லையாம்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. காண்டூர் சர்வே, அதாவது நிலம் எங்கே எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று அளந்த படம், கேட்காமல் பிளான் போடுகிறேன் என்பவரிடம் பணம் கட்டாதீர்கள். செக்‌ஷனை முதலில் காட்டச் சொல்லுங்கள், தரைக்கோடு சாய்வாக இருக்கிறதா பாருங்கள். தடுப்புச்சுவர் கணக்கு யார் போடுவார் என்று எழுத்தில் வாங்குங்கள். முழுப் பணத்தையும் முதலிலேயே கேட்டால் விலகிவிடுங்கள். நான் அந்த 60,000-க்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன், விடப்போவதில்லை.