ஐந்து பிளேடா, ஒற்றை பிளேடா: எரிகிற கழுத்துக்கு எது ஒத்துவரும்?

சவரம் செய்த கையோடு ஒன்றும் தெரியாது. கஞ்சி போட்ட சட்டையின் மேல் பட்டனைப் போடும்போதுதான் குரல்வளைக்கு இரண்டு பக்கமும் சுருக்கென்று எரியும். மதியத்துக்குள் அங்கே சிவப்புப் புள்ளிகள் எழும்பியிருக்கும், காலரில் ஓரிரண்டு ரத்தப் பொட்டு. என் தோலே இப்படித்தான் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் முன்னதைவிட விலை கூடிய ரேசராக வாங்கி வைத்தியம் பார்த்தேன். கடைசியில் எரிச்சலை அடக்கியது, அப்பா பீரோ மேல்தட்டில் போட்டுவைத்திருந்த, ஒற்றை பிளேடு மாட்டுகிற பழைய சேஃப்டி ரேசர். அதற்காக எல்லாரும் அதற்கே மாறுங்கள் என்று சொல்ல வரவில்லை. நான் மாறி மாறிப் பயன்படுத்திப் பார்த்தவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் பல பிளேடு கார்ட்ரிட்ஜ், அதாவது பிளேடு பதித்த தலையை மட்டும் கழற்றி மாற்றுகிற ரேசர். இரட்டை பிளேடு 1971-ல் வந்தது, மூன்று பிளேடு 1998-ல், ஐந்து பிளேடு 2006-ல். முதல் பிளேடு முடியை அறுக்கும்போதே கொஞ்சம் வெளியே இழுத்தும் விடுகிறது. அது உள்ளே திரும்புவதற்குள் பின்னால் வருகிற பிளேடு இன்னும் அடியில் அறுத்துவிடுகிறது. மிச்சமிருக்கும் துண்டு தோல் மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடும். கன்னத்தைத் தடவினால் கிடைக்கும் வழுவழுப்பு அதுதான். நேராக வளரும் முடி என்றால் பிரச்சினை இல்லை. சுருள் முடிக்காரர்களுக்குத்தான் வினை: கூராக வெட்டுப்பட்ட நுனி வளரும்போது வளைந்து தோலுக்குள்ளேயே குத்திக்கொள்ளும், கட்டி கட்டியாக எழும்பும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஐந்து பிளேடால் ஒரே இடத்தை மூன்று முறை இழுத்தால், அந்தத் தோலின் மேல் கத்தி பதினைந்து முறை போகிறது. ஒற்றை பிளேடில் மூன்றே முறை. கழுத்து எரியாமல் என்ன செய்யும்?

ஆனால் கார்ட்ரிட்ஜின் நல்லதையும் சொல்ல வேண்டும். தலை தானாக வளைந்து கொடுக்கும், கோணம் பார்க்க வேண்டாம், பாதித் தூக்கத்தில் இழுத்தாலும் வெட்டாது. ஏழரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவனுக்கு அது சின்ன விஷயமில்லை. மூன்று நாள் தாடி என்றால் மட்டும் பிளேடு இடுக்குகளில் முடி அடைத்துக்கொண்டு, இரண்டு இழுப்புக்கு ஒரு முறை குழாயைத் திறக்க வேண்டிவரும்.

இனி சேஃப்டி ரேசர். கிங் கேம்ப் கில்லெட் இதை விற்கத் தொடங்கிய 1903-ல் விற்றது மொத்தம் 51 ரேசரும் 168 பிளேடும்தான். ஒரு நூற்றாண்டு தாண்டியும் அமைப்பு பெரிதாக மாறவில்லை. தலை கனமாக இருக்கும், அந்தக் கனமே வேலையைச் செய்யும். நம் கை அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும். கார்ட்ரிட்ஜுக்குப் பழகிய கைக்கு இதுதான் கஷ்டம், ஏனென்றால் அழுத்துவது பழகிப்போயிருக்கிறது. முதல் வாரம் காது மடலுக்குக் கீழே ஒன்று, மோவாயில் இரண்டு என்று நான் வாங்கிய கீறல்களுக்கெல்லாம் அழுத்தம்தான் காரணம்.

கோணம் ஏறக்குறைய 30 டிகிரி. அளப்பதற்கு ஒன்றும் வேண்டாம், காது போதும். கைப்பிடி கன்னத்துக்கு நேர் குத்தாக நீட்டிக்கொண்டிருக்கும்படி ரேசர் தலையின் மேல்பக்கத்தைக் கன்னத்தில் வையுங்கள். கைப்பிடியை மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டே சின்னச் சின்ன இழுப்பாக இழுங்கள். ஒரு இடத்தில், காய்ந்த தோசைக்கல்லைச் சுரண்டுவதுபோல 'சரக் சரக்' என்று சத்தம் வரும். அதுதான் கோணம். சத்தம் நின்றால் கோணம் தப்பியிருக்கும், அல்லது அந்த இடத்தில் வெட்ட முடி இல்லை.

அப்புறம், முடி எந்தப் பக்கம் வளர்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு நாள் சவரம் செய்யாமல் விட்டு, விரலால் எல்லாத் திசையிலும் தடவிப் பாருங்கள். சொரசொரப்பில்லாமல் வழுக்குகிற பக்கம்தான் முடி போகும் திசை. என் இடது கழுத்தில் முடி கீழே போகாமல் காதை நோக்கிக் குறுக்கே படுத்திருக்கிறது. இத்தனை வருஷமும் அங்கே கீழிருந்து மேலே இழுத்துக்கொண்டிருந்தேன்! இப்போது முடியோடு ஒரு முறை, குறுக்கே ஒரு முறை. கழுத்தில் எதிர்த் திசை கிடையவே கிடையாது. வழுவழுப்பு கொஞ்சம் குறையும். குறைந்துவிட்டுப் போகட்டும்.

செலவைப் பார்த்தால் போட்டியே இல்லை. பெட்டிக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பிளேடு எனக்கு நான்கு சவரம் வரும். எந்த பிளேடு என்பது அவரவர் தோலைப் பொறுத்தது. ஜப்பானின் ஃபெதர் கூர்மைக்குப் பேர்போனது, அதனாலேயே புதிய கைக்கு ஆகாது. இணையத்தில் ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் ரேசர் செட்டுகள் பார்க்க அழகு, கழுத்துக்கு அதில் கூடுதலாக ஒன்றும் இல்லை. பழைய பிளேடைப் பேப்பரில் சுற்றிக் குப்பையில் போடாதீர்கள், அள்ளுகிறவர் கையைக் கிழிக்கும். மூடியில் கீறல் போட்ட ஒரு தகர டப்பா பல வருஷத்துக்குக் காணும்.

இரண்டுக்கும் நடுவில் யாரும் பேசாத ஒன்று உண்டு. கில்லெட் நிறுவனம் 2010-ல் இந்தியாவுக்கென்றே கொண்டுவந்த 'கார்டு' (Guard) ரேசர். கார்ட்ரிட்ஜ்தான், ஆனால் ஒற்றை பிளேடு. வந்தபோது விலை 15 ரூபாய், மாற்று பிளேடு 5 ரூபாய். குழாய்த் தண்ணீர் இல்லாமல் குவளையில் தண்ணீர் வைத்துச் சவரம் செய்கிறவர்களை மனதில் வைத்துச் செய்தது. சேஃப்டி ரேசர் என்றாலே பயப்படுகிறவர்களுக்கு நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

சரி, ரேசரை மாற்ற மனமில்லை, ஒன்றே ஒன்றை மாற்றுகிறேன் என்றால்? டப்பா நுரையைத் தூக்கிவைத்துவிட்டு பிரஷ்ஷை எடுங்கள். டப்பா நுரையில் பெரும்பங்கு காற்று, முடிக்கு மேலே மெத்தைபோல உட்கார்ந்திருக்கும். முடியை இளக்குவது தண்ணீர்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மூன்று நிமிஷம் ஊறினால் அதே முடி மிகக் குறைந்த விசையில் அறுபடும். பிரஷ் அந்தத் தண்ணீரை அடிவரை கொண்டுபோகிறது, படுத்த முடியையும் நிமிர்த்துகிறது.

இதில் நம் ஊர்ப் பிரச்சினை ஒன்று. போர் தண்ணீரில் எவ்வளவு சுழற்றினாலும் நுரை தயிர் திரிந்த மாதிரி ஆகிவிடும். தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து படிவதால் வருவது அது. குடிக்கிற தண்ணீரில் அரை டம்ளர் போதும். பாதாம் பருப்பளவு கிரீமைக் காபி டவராவில் போட்டு, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒரு நிமிஷம் சுழற்றுங்கள். பெரிய குமிழிகள் மறைந்து, இட்லி மாவு பொங்கிய பதத்துக்குப் பளபளப்பு வந்தால் சரி. (டவரா விஷயத்தில் வீட்டில் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுவது நல்லது.)

சலூனைப் பற்றி இரண்டு வரி. அங்கேயும் ஒற்றை பிளேடுதான், நம் கண் முன்னால் இரண்டாக உடைத்து மாட்டுகிற அரை பிளேடு. கை நல்ல கை என்றால் அதற்கு ஈடில்லை. ஆனால் வழுவழுப்பைக் காட்ட எதிர்த் திசையில் இரண்டு முறை போவார்கள், கழுத்துக்கு மட்டும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எல்லார் முகத்திலும் தேய்த்த படிகாரக் கல்லையும் வேண்டாம் என்று சொல்வேன்.

சொந்தமாக ஒரு படிகாரக் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவியபின் ஈரத்தோடு தடவி, அரை நிமிஷத்தில் கழுவிவிடலாம். சின்னக் கீறல்களில் ரத்தம் நிற்கும். எங்கே எரிகிறதோ அங்கே அன்று அழுத்தியிருக்கிறீர்கள் என்று காட்டியும் கொடுத்துவிடும். ஆல்கஹால் கலந்த ஆஃப்டர்ஷேவ் எரிகிற தோலுக்கு ஆகாது.

கழுத்தில் ஏற்கெனவே கட்டிகள் இருந்தால் மேலே சொன்ன எதுவும் இப்போதைக்கு வேண்டாம். டிரிம்மர்தான். மில்லிமீட்டரில் ஒரு துளி முடியை விட்டுவைப்பதால் நுனி தோலுக்குள் போகாது. சீழ் வைத்தால் தோல் மருத்துவரிடம் போக வேண்டும், கட்டிகள் ஆறும்வரை பிளேடைத் தொடக்கூடாது.

என் வீட்டில் இப்போது ஞாயிறும் புதனும் அப்பாவின் ரேசர். விமானத்தில் கைப்பையில் தனி பிளேடு கொண்டுபோக முடியாது, ஆகவே ஊர்ப்பயணத்துக்குக் கார்டு. ஐந்து பிளேடு கைப்பிடி குளியலறை ஆணியில் தொங்குகிறது. கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் தம்பி அதைத்தான் எடுக்கிறான். அவனுக்குக் கழுத்து எரிவதே இல்லை.