கார்த்திகைக்கு வாசலில் எது: அகலா, சீரியல் லைட்டா?

கார்த்திகை தீபம் நெருங்கினால் எங்கள் வீட்டில் வருஷா வருஷம் இதே பேச்சுதான். அம்மாவுக்கு மண் அகல். தம்பிக்கு மொட்டை மாடியிலிருந்து சீரியல் லைட் தொங்க வேண்டும். இரண்டையும் பல வருஷம் செய்து பார்த்துவிட்டேன்.

அகலுக்கு முந்தின நாளே வேலை ஆரம்பம். புது அகலைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைக்காவிட்டால், ஊற்றுகிற நல்லெண்ணெயில் பாதியை அகலே குடித்துவிடும். திரியைத் திரித்து, நுனியை மட்டும் எண்ணெயில் நனைத்து வைத்தால் ஒரே குச்சியில் பற்றும். காற்றுதான் சிக்கல். வடகிழக்குப் பருவமழை நேரம், சாரலும் சேர்ந்தே வரும். பழைய வீடுகளில் வாசலுக்கு இருபுறமும் மாடம் வைத்துக் கட்டியது சும்மாவா? மாடம் இல்லாத வீட்டில் தூண் மறைவும் திண்ணை மூலையும்தான் கதி. எண்ணெய்க் கறை பிடிக்காமலிருக்க அகலுக்கு அடியில் வாழையிலைத் துண்டு போடுங்கள்.

சீரியல் லைட்டில் வேலை குறைவு, செலவும் குறைவு. 10 வாட் எல்இடி சரத்தைத் தினம் 6 மணி நேரம், மூன்று நாள் எரித்தாலும் 0.18 யூனிட்தான். பழைய குண்டு பல்பு செட்டில் ஒன்று போனால் வரிசையே அணையும். எது போனதென்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்த காலம் போயிற்று.

ஆனால் மழையில் பயம் இதில்தான். விலை மலிவான சரங்களில் 230 வோல்ட் நேராக ஒயருக்குள் போகிறது. ஒருமுறை டேப் சுற்றிய ஜாயின்ட் ஒன்று நனைந்து இரும்பு கேட்டில் உரசிக்கொண்டிருந்தது. கேட்டைத் திறக்கப் போன அம்மாவுக்குக் கை விறுவிறுத்தது. நல்லவேளை, காலில் ரப்பர் செருப்பு. அன்றிலிருந்து கேட்டிலும் கிரில்லிலும் சரம் சுற்றுவதே இல்லை. வெளியே போட அடாப்டர் வைத்த 12 வோல்ட் சரம், தூசியும் தண்ணீரும் உள்ளே போகாது என்பதற்கான ஐபி65 குறி போட்டது வாங்குங்கள். அடாப்டர் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். மெயினில், மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

தண்ணீர் ஊற்றினால் எரிகிற பிளாஸ்டிக் அகல் இப்போது எங்கும் கிடைக்கிறது. காற்றுக்கு அணையாது. உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்தால் பெரும்பாலும் குப்பைதான். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை.

எங்கள் வீட்டு ஏற்பாடு இது: வாசல், கோலம், திண்ணை எல்லாம் அகலுக்கு. காற்று அடிக்கும் மாடிக் கைப்பிடிச் சுவர் மட்டும் சரத்துக்கு, அதுவும் வார்ம் ஒயிட், மினுக்காமல் நிலையாக எரியும்படி. அகல் அத்தனையும் ஏற்றி, தெருவில் நின்று ஒரு தடவை பார்த்த பிறகுதான் தம்பி மேலே சுவிட்சைப் போடுவான்.