பாசிக்குடாவா, கல்லடியா, படுவான்கரையா: சனி ஞாயிறுக்கு எங்கே போவது?

பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு மட்டக்களப்பில் சனி ஞாயிறு முழுதாக இரண்டு நாள் இல்லை. சனிக்கிழமை பகல் ரியூசனோடு போய்விடும். ஞாயிறு காலை சைவப் பிள்ளைகளுக்கு அறநெறி வகுப்பு, கிறிஸ்தவ வீடுகளில் பூசை அல்லது ஆராதனை. மீன் சந்தை, உடுப்புக் கழுவல், தலைமுழுக்கு எல்லாம் இதற்குள்தான். மிஞ்சுவது சனி பின்னேரம் ஒரு துண்டு, ஞாயிறு பத்து மணிக்குப் பிறகு ஒரு துண்டு. விடியற்காலையில் எழும்பக்கூடிய வீடாக இருந்தால் ஞாயிறு ஐந்தரை மணிக்கு இன்னொரு சின்னத் துண்டு.

"இந்தக் கிழமை எங்க போவம்?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டவுடனே பெரியவர்கள் பாசிக்குடா என்பார்கள், சின்னவர்கள் அறுகம்பை என்பார்கள், காசு கட்ட வேண்டியவர் "கல்லடிதானே இருக்கு" என்பார். பிறகு யாராவது ஒருவர் "மறுகா பாப்பம்" என்று முடித்துவிடுவார், எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். இடத்தை வைத்துத் தொடங்குவதால் வரும் வினை இது. கையில் எந்தத் துண்டு இருக்கிறது என்று முதலில் பார்த்தால் இடம் தானாக வந்துவிடும் என்பது என் கட்சி.

பாசிக்குடாவும் கல்லடியும்

இரண்டும் கடல்தான். ஆனால் ஒன்று குளிக்கிற கடல், மற்றது இருந்து பார்க்கிற கடல். இதைக் கலந்துகொள்வதால்தான் அரைவாசி ஏமாற்றம் வருகிறது.

பாசிக்குடா, மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே சுமார் 35 கிலோமீற்றர். திருகோணமலை வீதியில் ஏறாவூர், செங்கலடி, வாழைச்சேனை தாண்டிக் கல்குடாப் பக்கம் திரும்ப வேண்டும். வளைந்த குடாவுக்கு வெளியே பவளப்பாறை கிடப்பதால் அலை அங்கேயே உடைந்துபோகிறது. உள்ளே தண்ணீர் நிதானமாக நிற்கும். கரையிலிருந்து வெகுதூரம் நடந்துபோனாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. அம்மம்மா சீலையோடு இறங்கலாம், நாலு வயதுப் பிள்ளை கையை விட்டு ஓடலாம். கிழக்குக் கரையில் இதற்கு ஈடு சொல்ல வேறு கடல் எனக்குத் தெரியாது.

கல்லடியில் அந்தக் கதை நடக்காது. கரை சட்டென்று சரியும், அலை காலடி மண்ணை இழுக்கும். நீந்தத் தெரிந்தவர்களும் அங்கே கவனமாகத்தான் இறங்குவார்கள். 2004 சுனாமி நாவலடியையும் கல்லடியையும் என்ன செய்தது என்று நேரில் கண்டவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். "தண்ணிக்குக் கிட்டப் போகாத" என்று ஒரு மாமி கரையில் நின்று கத்தினால் அதைப் பத்தாம்பசலித்தனம் என்று தள்ள முடியாது. கல்லடி இருக்கத்தான் நல்லது: மணலில் பாயை விரித்து, வறுத்த கச்சானும் அவித்த சோளனும் இறால் வடையும் வாங்கி, கதைத்துக்கொண்டு இருக்க. நகரிலிருந்து பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். ஓட்டோக் காசு மட்டும்தான் செலவு.

இப்போது நேரக் கணக்கு. ஞாயிறு பத்து மணிக்கு வெளிக்கிட்டுப் பாசிக்குடா போகிறவர்கள்தான் அதிகம். இருக்கிறதிலேயே மோசமான நேரம் அது. ஆயத்தமாகி, பெற்றோல் அடித்து, வாழைச்சேனையில் ஒரு சோடா குடித்துப் போய்ச் சேரப் பன்னிரண்டாகும். உச்சி வெயிலில் ஆழமில்லாத தண்ணீர் சூடேறிக் கிடக்கும். கடற்கரையின் நீளத்துக்கு ரிசோர்ட்டுகள் வந்துவிட்டதால் பொதுச்சனம் இறங்குகிற பக்கத்தில்தான் நெரிசல். வெளி மாவட்டத்து பஸ்களும் அந்த நேரத்துக்குத்தான் வந்து நிற்கும். நிழலைத் தேடியே பாதி நேரம் போய்விடும்.

அதே ஞாயிறு, வீட்டில் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு வெளிக்கிட்டுப் பாருங்கள். மூன்றரைக்குத் தண்ணீரில் இறங்கலாம். சூரியன் தரைப்பக்கமாகச் சரிவதால் ஐந்து மணிக்கு வெயில் முதுகுப் பக்கம் போய்விடும், கண் கூசாது. வெளியூர் பஸ்களும் கிளம்பத் தொடங்கியிருக்கும். ஆறு மணிக்கு உடுப்பு மாற்றி, இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். பார்சல் கட்டுகிற வேலையும் மிச்சம். ரயிலில் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பாதை என்னவோ வாழைச்சேனையைத் தொட்டுத்தான் வருகிறது, ஆனால் கொழும்பு ரயிலின் நேரத்துக்கு ஒரு பின்னேரத்தைப் பொருத்துவது லேசான வேலை இல்லை.

கல்லடிக்கு இதற்கு நேர் எதிரான கணக்கு. ஊரே அங்கே பின்னேரம்தான் போகிறது. கிழக்குப் பார்த்த கடல் அது, சூரியன் இறங்குவது நமக்குப் பின்னால், ஆகவே கடல் சீக்கிரமே மங்கிவிடும். வைகாசி ஆனி ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற நாட்களில் நாலு மணிக்கு அங்கே முதுகில் அனல் அடிக்கும், மணலும் சேர்ந்து பறக்கும். கல்லடிக்கு உரிய நேரம் ஞாயிறு விடியற்காலைதான். சூரியன் தண்ணீரிலிருந்து நேராக எழும்பும். கரைவலைக் காலமென்றால் ஆட்கள் இரண்டு பக்கமும் நின்று வலை இழுப்பதைப் பார்க்கலாம், வலை கரையேறியதும் சூடை, பாரை என்று அகப்பட்டதை அங்கேயே விலைபேசலாம். ஏழு மணிக்கு வீட்டில், அறநெறிக்குப் பிள்ளைகள் தயார், மத்தியானக் கறிக்கு மீனும் தயார். செலவில்லாத பொழுதுபோக்கு ஒன்று சொல்லுங்கள் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

மாரி காலத்தில், கார்த்திகை முதல் தை வரை, இரண்டு கடலையும் மறந்துவிடலாம். வாடைக்காற்றில் பாசிக்குடாவும் குழம்பித்தான் இருக்கும்.

கடலை விட்டுவிட்டு வாவிக்கு

அப்படியென்றால் சனி பின்னேரத்துக்கு என்ன? வாவி. மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளம். அதன் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் ஊர் பிரித்து வைத்ததே சூரியனை வைத்துத்தான். எழுவான்கரையில் நின்று மேற்கே பார்த்தால் அந்தி முழுவதும் தண்ணீரில் விழும். இதை விட்டுவிட்டு இருட்டுகிற கடலைப் பார்க்க ஏன் போகிறோம் என்று எனக்கு விளங்குவதில்லை.

கல்லடிப் பழைய பாலத்தில் நடப்பது இதில் முதலாவது. 1924இல் கட்டிய இரும்புப் பாலம், லேடி மன்னிங் பாலம் என்பது அதன் பெயர். 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் திறந்த பிறகு பெரிய வாகனங்களின் இரைச்சல் அங்கே போய்விட்டது. பழையதில் தூண்டில் போடுகிறவர்களும் நடக்கிறவர்களும் நிற்கிறார்கள். வாவித் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற பாடுமீன் ஓசையைக் கேட்கிற ஆசை இருந்தால் பௌர்ணமிப் போயா இரவு, காற்று அடங்கிய பிறகு, பாலத்துக்குக் கிட்டத் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீரில் ஊன்றி மறு முனையில் காதை வைக்க வேண்டும். பாடுவது மீனா ஊரி நத்தையா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. எல்லாருக்கும் எப்போதும் கேட்கும் என்று சொல்லி விருந்தாளியைக் கூட்டிப் போகாதீர்கள். தோணிப் பயணத்துக்காகக் கூட்டிப் போங்கள், கேட்டால் லாபம்.

நடக்க விருப்பமில்லாதவர்களுக்குக் காந்தி பூங்கா. தண்ணீர் ஓரமாக இருக்கை, பிள்ளைகள் ஓட இடம், ஐஸ்கிரீம் கிட்ட. 1814இல் வந்த முதல் மெதடிஸ்த மிசனரி வில்லியம் ஓல்ட்டின் சிலையும் அந்தப் பக்கம்தான். கோட்டையும் புளியந்தீவிலேயே, அதிக தூரமில்லை. 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது, பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். நெடுங்காலம் கச்சேரி அலுவலகங்கள் இயங்கிய இடமாதலால் ஊர்க்காரர்கள் பலர் அதைப் பத்திரம் எடுக்கப் போன இடமாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஒருமுறை வேலையில்லாமல் போய்ப் பார்ப்பது நல்லதுதான். கிழமைக்குக் கிழமை போக அங்கே ஒன்றும் இல்லை.

முகத்துவாரத்து வெளிச்சவீடு, 1913இல் கட்டியது, பாலமீன்மடுப் பக்கம். தம்பதிகளுக்கும் படம் பிடிக்கிறவர்களுக்கும் பிடிக்கும். மழைக்காலத்தில் வாவி கடலோடு கலக்கிற வாயைப் பார்ப்பது தனி அனுபவம்.

படுவான்கரை: என் வாக்கு இதற்கே

மேலே சொன்னதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த இடங்கள். படுவான்கரைக்குப் பொழுதுபோக்காகப் போவது என்றால் நகரத்துப் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். "அங்க என்ன இருக்கு?" வயல் இருக்கிறது, எருமை இருக்கிறது, தயிர்ச் சட்டி இருக்கிறது, முக்கியமாக நெரிசல் இல்லை.

ஒரு காலத்தில் மண்முனையில் பாதைக்காகக் காத்து நிற்க வேண்டும். வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையைத்தான் இங்கே பாதை என்போம். 2014இல் மண்முனைப் பாலம் வந்தபிறகு கொக்கட்டிச்சோலை அரை மணித்தியாலச் சமாச்சாரம் ஆகிவிட்டது. தான்தோன்றீஸ்வரர் கோயிலைக் கும்பிட்டுவிட்டு, வயல் வரம்போரமாக ஒரு சுற்று, வழியில் தயிர்ச் சட்டி, முடிந்தது. பாதையில் ஏறுகிற ஆசை இன்னும் இருப்பவர்கள் தெற்கே குருமண்வெளிக்குப் போய் மண்டூருக்குக் கடக்கலாம். பிள்ளைகளுக்கு அந்தக் கொஞ்ச நேரம் போதும், எந்த ரிசோர்ட் நீச்சல் தடாகமும் அதற்கு ஈடாகாது. மண்டூர் முருகனைக் கும்பிட்டுத் திரும்பினால் பெரியவர்களும் சமாதானம். மாமியார் ஒருவரைச் சம்மதிக்க வைக்க இதைவிடச் சுலபமான பயணத் திட்டம் இல்லை.

இன்னும் மேற்கே போகத் துணிந்தால் வலையிறவுப் பாலம், வவுணதீவு, ஆயித்தியமலை வழியாக உன்னிச்சைக் குளம். நகரத்துக் குழாயில் வருகிற தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது, இதைத் தெரியாமலே குடிக்கிறவர்கள் ஏராளம். அணைக்கட்டில் நடக்கலாம், மலைகள் தூரத்தில் தெரியும், காற்று குளிர்ந்து வரும். மாரியில் வான்கதவு திறந்தால் சனம் பார்க்கப் போகும். ஆனால் அதே நேரத்தில் கீழே வயல்வெளி வீதிகளில் வெள்ளம் ஏறும் என்பதால் சிறுபிள்ளைகளோடு அப்போது போக வேண்டாம். எனக்குப் பிடித்தது மார்கழி, தை. மழை விட்ட ஒரு ஞாயிறு, பெரும்போக வயல் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையாய் நிற்கும். கடல் கைவிட்ட அதே மாதங்களில் இது கைகொடுக்கிறது.

இதற்கு ஒரே நிபந்தனை: இருட்டுமுன் திரும்ப வேண்டும். அந்தப் பக்கம் யானை வருகிற ஊர்கள். "இன்னும் கொஞ்ச நேரம்" என்று இழுக்கிற ஆள் உங்கள் குழுவில் இருந்தால் அவரைக் கல்லடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். பின்னேரம் மேற்கே போகும்போது வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். காலையில் போனால் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் அறநெறி வகுப்பு குறுக்கே நிற்கும். பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு ஞாயிறு காலை, உள்ளவர்களுக்கு மதியச் சாப்பாடு முடிந்த கையோடு.

அறுகம்பை கேட்கிறவர்களுக்கு

சுருக்கமாகச் சொன்னால், இரவு தங்காமல் வேண்டாம். மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் என்று நூறு கிலோமீற்றருக்கு மேல். போய் வரும் நேரத்தைக் கழித்தால் கையில் மிஞ்சுவது ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம். சித்திரை முதல் ஐப்பசி வரை அலைச்சறுக்கல் பருவம். அப்போது அறைவாடகையும் ஏறும், வெளிநாட்டுக்காரர் கூட்டமும் ஏறும். நண்பர்கள் நாலுபேர் சேர்ந்து சனி மத்தியானம் போய் ஞாயிறு திரும்பினால் சரி. குடும்பமாக, அம்மம்மாவோடு, ஒரே நாளில் என்றால் வேண்டவே வேண்டாம்.

அக்கரைப்பற்று, திருக்கோவில்காரர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு அறுகம்பை பின்னேரச் சமாச்சாரம், பாசிக்குடாதான் தூரம். கல்முனை, காரைதீவுக்காரர்களுக்கு உள்நாட்டுப் பக்கம் இன்னொரு வழி உண்டு. அம்பாறை தாண்டி இங்கினியாகலைக்குப் போனால் சேனநாயக்க சமுத்திரத்தில் படகேறலாம், அதிர்ஷ்டமிருந்தால் யானை நீந்துவதைக் காணலாம். படகுக் காசைத் தலைக்குத் தலை பிரிக்க ஆள் சேர்த்துக்கொண்டு போவதுதான் புத்தி.

ஆடி ஆவணியில் லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் சொந்தக்காரர் வந்து இறங்குகிற வீடுகளில் இந்த அலசல் எதுவும் எடுபடாது. அவர்கள் பாசிக்குடா என்று சொல்லிக்கொண்டேதான் விமானம் ஏறியிருப்பார்கள். ஒரு வான் பிடித்து அனுப்பிவிடுங்கள், கிழமை நாளாக இருந்தால் இன்னும் நல்லது. வெளியூர் பஸ்கள் குறைவாக இருக்கும், அவர்களுக்குத்தான் லீவு எடுக்கத் தேவையில்லையே. அந்த ஞாயிறு பின்னேரம் உங்களுக்கு மிஞ்சும். மூன்று மணிக்கு மண்முனைப் பாலம் ஏறினால் தயிர்ச் சட்டியோடு ஆறரைக்கு வீடு.