சொந்த கிளினிக் வச்சிருக்கற டாக்டருக்கு வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் உதவுமா? ஒரு குழந்தை டாக்டரோட ரிவ்யூ

சென்னை கொளத்தூர்ல சின்னதா சொந்த கிளினிக் வச்சிருக்கேன், குழந்தைங்களுக்கு மட்டும், காலைல ஒரு ஓபி சாயங்காலம் ஒரு ஓபி. வாட்ஸ்அப் பிசினஸ், அதாவது தொழில் பண்றவங்களுக்குன்னே இருக்கற தனி வாட்ஸ்அப் ஆப், அதைப் பத்தி துணி விக்கறவங்க, கேக் செய்யறவங்க எல்லாம் நிறைய ரிவ்யூ போட்டிருக்காங்க, தனியா ப்ராக்டிஸ் பண்ற டாக்டர் எழுதி நான் படிக்கல, அதனாலதான் இது. முதல்லயே சொல்லிடறேன், எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு, ராத்திரி 9 மணிக்கு மேல வீட்டுல உக்காந்து நிம்மதியா சாப்பிட முடியுதுன்னா அதுல இந்த ஆப்புக்கு பெரிய பங்கு இருக்கு. ஆனா ஆப்பை இறக்கினா மட்டும் அது நடக்காது, எத்தனை மணிக்கு கடையை மூடறதுன்னு நாம முடிவு பண்ணி அதை பேஷண்ட்டுங்க கிட்ட வாயைத் திறந்து சொல்லியிருக்கணும்.

ஆஸ்பத்திரில சம்பளத்துக்கு இருந்தா அடுத்த ட்யூட்டி டாக்டர் வந்ததும் கிளம்பிடலாம். சொந்த கிளினிக்ல டாக்டரும் நாமதான் ஓனரும் நாமதான், தடுப்பூசி வைக்கற ஃப்ரிட்ஜ் நின்னு போனாலும் மெடிக்கல் வேஸ்ட் எடுக்கற வண்டி வரலைன்னாலும் போன் நமக்குத்தான் வரும். இதுல பர்சனல் நம்பரை ஒரு அம்மாகிட்ட கொடுத்தா அது அபார்ட்மெண்ட் குரூப் முழுக்க போயிடும், அப்புறம் ராத்திரி 11:30க்கு "மேடம் பாப்பாக்கு 101 இருக்கு, காய்ச்சல் மருந்து எத்தனை எம்எல் கொடுக்கட்டும்"னு மெசேஜ். அவங்க கேக்கறதுல ஒரு தப்பும் இல்லங்க. பாராசிட்டமால் ட்ராப்ஸ்ல 1 எம்எல்லுக்கு 100 மில்லிகிராம், சிரப்ல 5 எம்எல்லுக்கு 125ம் இருக்கு 250ம் இருக்கு, ஒரே கம்பெனி பேருலயே மூணும் கடைல கிடைக்குது, எந்த அம்மாவுக்கும் குழம்பத்தான் செய்யும். இதுக்கு பதில் சொல்ல குழந்தையோட எடை தெரியணும், பாட்டில் லேபிளைப் பாக்கணும், அதைத் தூக்கக் கலக்கத்துல ஒரு கண்ணைத் திறந்து டைப் பண்ணக் கூடாதுன்னு நான் உறுதியா நம்பறேன். டாக்டர் தூங்கறது டாக்டருக்காக மட்டும் இல்ல, மறுநாள் காலைல வர்ற முதல் குழந்தைக்காகவும்தான்.

இப்ப ஆப்புக்கு வரேன். இதுல எனக்கு பெரிய வசதியா பட்டது, லேண்ட்லைன் நம்பரையே ரெஜிஸ்டர் பண்ணிக்கலாம், ஓடிபியை போன் கால்ல சொல்லிடும். பழைய லெட்டர்பேட், போர்டு எல்லாத்துலயும் இருக்கற அதே நம்பர்லயே வாட்ஸ்அப் வந்துடும், புதுசா எதுவும் அச்சடிக்க வேண்டாம். சாதா வாட்ஸ்அப்பும் பிசினஸ் வாட்ஸ்அப்பும் வேற வேற நம்பர்ல ஒரே போன்ல ஓடும், நிறைய பேர் அப்படித்தான் வச்சிருக்காங்க, ஆனா என் அபிப்ராயம் அதைச் செய்யவே செய்யாதீங்க. பழைய போன் ஒண்ணு எடுத்து அதுல மட்டும் போட்டு கிளினிக்லயே வச்சிட்டு வந்துடுங்க. நம்ம பைல இருந்தா நாம எடுத்துப் பாப்போம், அவ்வளவுதான் விஷயம். ரிசப்ஷன் கம்ப்யூட்டர்ல லிங்க் பண்ணிட்டா அங்க இருக்கற அக்காவே டோக்கன், டைமிங் கேள்வியெல்லாம் முடிச்சிடுவாங்க.

அடுத்தது அவே மெசேஜ். கிளினிக் நேரத்தை ஒரு தடவை போட்டு வச்சா மூடின நேரத்துல வர்ற மெசேஜுக்கெல்லாம் தானா பதில் போகும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கணும், அந்த போன்ல நெட் இருந்தாதான் போகும், அதனால ராத்திரி மெயின் ஸ்விட்ச்சை அணைச்சிட்டுப் போற பழக்கம் இருந்தா வைஃபைக்கும் சார்ஜருக்கும் தனி லைன் விட்டுடுங்க. "கிளினிக் மூடியுள்ளது, நாளை தொடர்பு கொள்ளவும்"னு மட்டும் எழுதி விட்டா அது பேஷண்ட்டைக் கைவிடற மாதிரி, பயந்து போயிருக்கற ஒரு அம்மாவுக்கு அந்த நேரத்துல எங்க போகணும்னு தெரியணும். நான் எழுதி வச்சிருக்கறது இதுதான், வேணும்னா அப்படியே எடுத்துக்கோங்க:

"வணக்கம். கிளினிக் நேரம் முடிஞ்சிடுச்சு, உங்க மெசேஜை நாளைக்கு காலைல பாப்போம். மூணு மாசத்துக்குள்ள இருக்கற குழந்தைக்கு காய்ச்சல், இல்ல எந்த வயசு குழந்தைக்கும் வலிப்பு, மூச்சு விட கஷ்டப்படறது, பால் குடிக்காம துவண்டு இருக்கறது, ரொம்ப நேரமா ஒண்ணுக்கு போகாம இருக்கறது, இதுல எது இருந்தாலும் பதிலுக்கு காத்திருக்காதீங்க. உடனே எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கோ பக்கத்துல 24 மணி நேரமும் இருக்கற ஆஸ்பத்திரிக்கோ போங்க. ஆம்புலன்ஸுக்கு 108."

மழைக்காலத்துல இதோட டெங்கு வரியும் சேர்த்துடுவேன், காய்ச்சல் விட்டதும் சரியாயிடுச்சுன்னு நினைச்சுடாதீங்க, அப்போ வயித்து வலியோ விடாத வாந்தியோ ரத்தக்கசிவோ வந்தா உடனே ஆஸ்பத்திரின்னு. ஐப்பசி கார்த்திகைல சென்னைல குழந்தை பாக்கற எந்த டாக்டருக்கும் இது ஏன்னு தெரியும்.

க்விக் ரிப்ளைதான் என்னைப் பொறுத்தவரை இந்த ஆப்போட உயிர். ஸ்லாஷ் போட்டு ஒரு சின்ன வார்த்தை அடிச்சா முழு மெசேஜும் வந்து நிக்கும், 50 வரைக்கும் சேமிச்சுக்கலாம். ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து தினமும் வாயால சொல்றதையெல்லாம் நல்ல தமிழ்ல, பாட்டிக்கும் புரியற மாதிரி எழுதிடுங்க. உதாரணத்துக்கு, வயித்துப்போக்குக்கு கொடுக்கற ஓஆர்எஸ் பவுடர் பெரிய பாக்கெட்னா 1 லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணில முழுசா கலக்கணும், சின்ன பாக்கெட்னா 200 எம்எல், கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சுக் கலக்கக் கூடாது. குழந்தை பிறந்து 6, 10, 14 வாரத்துல போடற தடுப்பூசிக்கு அன்னைக்கு ராத்திரி காய்ச்சல் வரலாம், தொடை கொஞ்சம் வீங்கலாம், அதுக்கு தேய்ச்சு விடறது, எண்ணெய் தடவறது எதுவும் வேண்டாம். இந்த ஊசி மெசேஜை குழந்தை கிளினிக்கை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடியே அக்கா அனுப்பிடுவாங்க, மருந்து அளவு நான் சீட்டுல எடையைப் பாத்து எழுதினதை போட்டோ எடுத்து சேர்த்து. ராத்திரி போன் வர்றது குறைஞ்சதுக்கு அவே மெசேஜை விட இதுதான் பெரிய காரணம்னு எனக்குத் தோணுது, ஏன்னா கேள்வி வர்றதுக்கு முன்னாடியே பதில் அவங்க கைல இருக்கு.

ஒவ்வொரு சாட்டுக்கும் அடையாளப் பேர் ஒட்டி வைக்கற லேபிள் வசதி பரவால்ல. "நியூ ஆர்டர்"னு கடைக்கு ஏத்த மாதிரிதான் வரும், பேரை மாத்தி "ரிப்போர்ட் பாக்கணும்", "ஊசி பாக்கி"ன்னு வச்சுக்கலாம். ஒரே மெசேஜை நிறைய பேருக்கு அனுப்பற பிராட்காஸ்ட்ல லீவ் சொல்றதா இருந்தா நம்ம நம்பரை சேவ் பண்ணினவங்களுக்கு மட்டும்தான் போகும், அதனால வாசல்ல போர்டும் மாட்டுங்க.

காசு விஷயம் பேசித்தான் ஆகணும், நிறைய டாக்டர்ஸ் கூச்சப்படறாங்க. 2020 மார்ச்ல மத்திய அரசு கொண்டு வந்த டெலிமெடிசின் (போன், வீடியோ, மெசேஜ் வழியா வைத்தியம் பாக்கறது) வழிகாட்டுதல்படி வாட்ஸ்அப்ல கன்சல்டேஷன் பண்ணலாம், அதுக்கு ஃபீஸ் வாங்கலாம், ரெக்கார்ட் வச்சிருக்கணும், குழந்தைன்னா கூட பெரியவங்க யாராவது இருக்கணும், அவங்க யாருன்னும் உறுதி பண்ணிக்கணும். மதியம் 2ல இருந்து 3 வரைக்கும் ஆன்லைன் ஃபாலோஅப்னு ஒதுக்கி யுபிஐல ஃபீஸ் வாங்க ஆரம்பிச்சதும் ஜனங்க கோவிச்சுக்கல. "மேடம் நேரம் ஒதுக்கிப் பேசறாங்க"ன்னு சந்தோஷம்தான் பட்டாங்க. நாள் பூரா துண்டு துண்டா வந்துட்டிருந்த வேலை ஒரு மணி நேரத்துக்குள்ள வந்துடுச்சு, சாயங்காலம் ஓபிக்கு முன்னாடி பொண்ணு ஸ்கூல்ல இருந்து வர்ற நேரத்துக்கு நான் வீட்டுல இருக்கேன்.

யாருக்கு இது பத்தாதுன்னா, ரெண்டு மூணு டாக்டர் சேர்ந்து நடத்தற இடம், பிரசவம் பாக்கற நர்சிங் ஹோம், அங்கெல்லாம் ராத்திரி நிஜமாவே ஒரு ஆள் போன் எடுக்கணும், தானியங்கி பதில் வேலைக்கு ஆகாது. நோயாளி விவரம் ரிசப்ஷன் ஸ்க்ரீன்ல தெரியறதும் யோசிக்க வேண்டிய விஷயம், மெசேஜ் போற வழில வேற யாரும் படிக்க முடியாதபடி என்கிரிப்ஷன் இருக்கலாம், ஆனா டேபிளுக்கு முன்னாடி நிக்கறவங்க எட்டிப் பாத்தா தெரியத்தானே செய்யும், ஸ்க்ரீனை சுவர் பக்கம் திருப்பி வைங்க. ஸ்டாஃப் வேலையை விட்டுப் போனா லிங்க்ட் டிவைஸ்ல போய் அன்னைக்கே லாக்அவுட் பண்ணிடுங்க.

ஆப் இலவசம், பழைய போன் வீட்டுலயே இருக்கும், வைஃபை ஏற்கனவே இருக்கு, செலவுன்னு பெருசா ஒண்ணும் இல்ல. ஆரம்பிக்கறதா இருந்தா மழைக்கு முன்னாடி, ஆவணி மாசத்துலயே ஆரம்பிச்சிடுங்க, காய்ச்சல் சீசன் வர்றதுக்குள்ள ஜனங்களுக்கு பழகிடும். புது நேரத்தை மருந்துச் சீட்டுல ஸ்டாம்ப் போட்டுக் கொடுங்க. ரிசப்ஷன் அக்காவோட சொந்த போன்ல மட்டும் இந்த நம்பரை லிங்க் பண்ணிடாதீங்க, அவங்களும் 9 மணிக்கு வீட்டுக்குப் போறவங்கதான்.